வீடு சொல்லாத பெயர்

'கலை' என்ற பெயரில் யாரோ உள்ளே வரப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

இனியவன் திரையை உற்றுப் பார்த்தான். மூலக்குளத்தில் மதியமே விளக்குப் போடும்படி மழை; மின்சாரமும் போய், இன்வெர்ட்டரின் உறுமலும், ஊறிப்போன ஜன்னல் சட்டத்தின் மரவாடையும், சர்வரின் பச்சைப் புள்ளியும்தான் அந்த மாடியறையில் மிச்சம். ஏழெட்டுக் கம்பெனிகளின் மெயில் அந்த ஒற்றைப் பெட்டிக்குள் குடியிருந்தது. கூடவே தன் வீட்டு மூன்று பேருக்கென்று அவன் வாங்கிய ஒரு டொமைன் முகவரியும். ஒரே கட்டடத்தில் பல குடித்தனம் மாதிரி. பெயரோடு எந்த வீடு என்றும் சொன்னால்தான் கதவு திறக்கும். இதுவோ வெறும் பெயரைச் சொல்லியே தட்டிக்கொண்டிருந்தது, மூச்சு விடாமல்.

கலைமகள் அவன் மகள். கீழே காய்ச்சலில் படுத்திருக்கிறாள், நெற்றியில் ஈரத்துணியோடு. "புள்ளய தனியா உட்டுட்டு மேல போயி உக்காந்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி சுலோசனா காலாப்பட்டுக்கு வேலைக்குப் போனாள்.

மகள் விழித்துக்கொண்டு டேப்லெட்டில் மெயிலை நோண்டுகிறாள் போல, டொமைனைப் போட மறந்திருப்பாள். அவனுக்குச் சிரிப்புதான் வந்தது. போன் அடித்தது. சேதராப்பட்டுத் தொழிற்சாலை மேனேஜர் விஜயராகவன்.

"இன்னாங்க இனியவன், இங்க ஒருத்தருக்கும் மெயில் தொறக்க மாட்டேங்குது. லாரி கேட்டுல நிக்குது."

"இதோ பாத்துட்டேன் சார்."

இந்தத் தட்டலில்தான் மற்றவர்களின் வரிசையும் அடைத்துக்கொண்டிருந்தது. வீடு சொல்லாத பெயருக்குத் தன் வீட்டு டொமைனையே சேர்த்துக்கொள்ளும்படி சர்வரில் ஒரு வரி எழுதினான். பெயர் முழுசானது. இப்போது பாஸ்வேர்டு தப்பு என்றது. என்னதான் அடிக்கிறாள் என்று, அதையும் காட்டச் சொன்னான்.

காய்ச்சல்.

ஈரத்துணி.

தனியா.

வாயில் வந்ததை அடிக்கிறது பிள்ளை என்று நினைத்தான் பாவி. இறங்கிப் போய் ஒரு எட்டுப் பார்த்திருக்கலாம். சோம்பல். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்கிற முட்டாள்தனத்தைச் செய்தான்: எந்தப் பாஸ்வேர்டு அடித்தாலும் சரி என்று சொல்லும்படி சர்வரை மாற்றினான். உள்ளே வந்துவிட்டால் தட்டுவது நிற்கும், உடனே பூட்டிக்கொள்ளலாம்.

உள்ளே வந்தது. தட்டல் நின்றது. தொழிற்சாலையின் மெயில்கள் சரசரவென்று கிளம்பின. அவன் பழையபடி பூட்டினான்.

காபி டம்ளருக்குக் கை நீட்டியபோதுதான் பார்த்தான். கேபிள் சுருளுக்கு அடியில் டேப்லெட் கிடந்தது. சார்ஜ் தீர்ந்து, நேற்றிலிருந்து.

கீழே கட்டில் கிறீச்சிட்டது. படிக்கட்டில் காலடி. மெதுவாக. ஒவ்வொரு படியிலும் நின்று நின்று.

கலைமகள்தான். கதவருகில் நின்றாள். ஈரத்துணி நெற்றியில் ஒட்டியபடியே இருந்தது.

"சரியாப் போச்சுப்பா."

தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தாள். காய்ச்சல் விட்டுவிட்டது என்று நம்ப அவனுக்கு எவ்வளவோ ஆசை.

திரையில் வரிகள் மறுபடி நகர்ந்தன. கலை. பாஸ்வேர்டு தப்பு.

அப்பா.

தப்பு.

அப்பா நாந்தான்.

தப்பு.

இருட்டா இருக்குப்பா. உள்ள உடு.

தப்பு.

அவன் கீபோர்டில் பாய்ந்தான். ஒரே ஒரு வரி. திறந்துவிட்டால் போதும். பிள்ளை வந்துவிடும்.

சின்னக் கை ஒன்று அவன் கைமேல் அமர்ந்தது. அசைக்க முடியவில்லை.

"யாருப்பா அது?" என்றாள். "பிளாக் பண்ணிடு."

அவன் விரலைப் பிடித்து, அவளே அழுத்தினாள்.

அப்பா வலிக்

அதோடு வரிகள் நின்றன. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவள் அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவனோடு சேர்ந்து திரையைப் பார்த்தாள்.

புதிதாக ஒரு பெயர் தட்டத் தொடங்கியிருந்தது, வீடு சொல்லாமல்.

சுலோசனா.