செத்தவள் திருத்திய படம்

"ஐயோ... என்ர பிள்ளை!"

அலறல் வாசல் படலைப் பக்கமிருந்து வந்தது.

டினோஜா கையிலிருந்த டிஜிட்டல் பேனாவைப் போட்டுவிட்டு ஓடினாள்.

படலையடியில் அவள் அம்மா றஞ்சிதம் நெஞ்சில் கை வைத்தபடி நின்றாள். காயப்போட்ட கருவாடு முழுவதும் மண்ணில் கிடந்தது. எதிரே முன்பின் தெரியாத ஒரு பெண். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சேலை. தலையில் இன்னும் கழற்றாத ஹெல்மெட்.

அவள் கைகளில்... ஒரு மலர்வளையம்!

குறுக்கே ஊதா நிற ரிப்பன். அதில் பொன்னிற எழுத்துகள்.

'ஓவியர் டினோஜாவுக்கு இறுதி அஞ்சலி.'

டினோஜா இரண்டு தரம் வாசித்தாள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை.

"இது ஆருக்கு அக்கா?"

"டினோஜா எண்டு, படம் கீறுற பிள்ளை. நேற்றுக் காலமை மோசம் போயிட்டாவாம். இண்டைக்கு நாலு மணிக்கு அடக்கம் எண்டு போட்டிருந்தினம்." வந்தவள் வளவுக்குள் எட்டிப் பார்த்தாள். பந்தல் இல்லை. வெள்ளைக் கொடி இல்லை. ஒரு கதிரைகூட இல்லை. "இது... செத்த வீடு தானே?"

"அப்பிடித்தான் போல கிடக்கு," என்றாள் டினோஜா. "டினோஜா நான்தான்."

மலர்வளையம் கருவாட்டின் மேல் விழுந்தது.

அரை மணி நேரம் கழித்து, இரண்டு பிளேன்ரீ குடித்த பிறகுதான் வந்தவளுக்குப் பேச்சு ஒழுங்காக வந்தது.

பெயர் சுவேதினி. ஊர் விடத்தல்தீவு. முன்பள்ளி ஆசிரியை. ஸ்கூட்டியிலேயே தலைமன்னார் வரைக்கும் வந்திருந்தாள். இறங்குதுறையடியிலுள்ள பியர் சந்தியில் செத்த வீடு எதுவென்று கேட்டிருக்கிறாள். எவருக்கும் தெரியவில்லை. கோயில் மணி அடிக்காமல் இந்த ஊரில் ஆர் பிள்ளை சாகிறது என்று ஒரு மீன்காரர் அவளையே திருப்பிக் கேட்டாராம். பிறகு, படம் கீறுகிற பிள்ளையின் வீட்டைக் கேட்டதும்தான் வழி காட்டினார்களாம்.

அவள் தன் போனை நீட்டினாள்.

திரையில் டினோஜா என்ற பெயர். அதைச் சுற்றி மாலை. பக்கத்தில் எரிகிற மெழுகுதிரி!

'இளம் ஓவியரின் திடீர் மறைவு. பிற்பகல் நான்கு மணிக்குத் தலைமன்னாரில் நல்லடக்கம். ஏழைக் குடும்பத்துக்கு உதவ விரும்புவோர்...'

கீழே ஒரு வங்கிக் கணக்கு. அதற்குக் கீழே முந்நூறு பேரின் கண்ணீர்.

றஞ்சிதம் எட்டிப் பார்த்துவிட்டுச் சிலுவை போட்டாள்.

டினோஜா அந்தக் கணக்குக்காரரின் பெயரை வாசித்தாள். 

அது மில்ரனுடைய கணக்கு; அந்த இணையப் பக்கத்தை நடத்துகிறவனும் அவன்தான். கொழும்பில் இருக்கிறான். டினோஜா கடலுக்கு அப்பால் மண்டபம் அகதி முகாமில் பிறந்து, பத்து வயதில் இந்தத் தீவுக்குத் திரும்பி வந்தவள். தனியாகவே படம் பழகியவள். நான்கு வருடங்களுக்கு முன் அவளைக் கண்டுபிடித்து, நீ கீறு தங்கச்சி, மிச்சத்தை நான் பார்க்கிறேன் என்றவன் அவன்தான். ஓடர் எடுப்பது அவன். காசு வாங்குவது அவன். வாடிக்கையாளரோடு பேசுவதும் அவன். ஆறு மாதத்துக்கு முன், பக்கத்தை யாரோ முடக்கிவிட்டார்கள், புதிதாய்த் திறக்கிறேன் என்று சொன்னான். அந்தப் புதிய பக்கம் டினோஜாவின் போனில் ஒருநாளும் திறந்ததில்லை. அவளை மட்டும் தடுத்து வைத்திருக்கிறான் என்று இப்போதுதான் விளங்கியது.

போன கிழமைதான் அவள் சொல்லியிருந்தாள். இந்த மாத ஓடர்களை முடித்துத் தருகிறேன் அண்ணா, அதற்குப் பிறகு நானே நேராக எடுக்கப் போகிறேன் என்று.

அதற்குப் பதில்தான் இந்த மெழுகுதிரி!

"நீங்கள் என்ன படம் கேட்டனீங்கள் அக்கா?"

"கடற்பசுவும் குட்டியும். பிள்ளையளுக்கு ஒரு படப் புத்தகம் போடுறன்."

டினோஜாவுக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை முடித்து அனுப்பிய படம். பியர் தூண்களுக்குக் கீழே, பச்சைத் தண்ணீரில், தாயும் குட்டியும்.

"எவ்வளவு பேசினவர்?"

"தொண்ணூறாயிரம். அரைவாசி முதலே குடுத்திட்டன்."

டினோஜா சிரித்தாள். நல்ல சிரிப்பல்ல.

"எனக்கு ஐயாயிரம் அக்கா. முழுப் படத்துக்கும்."

சுவேதினியின் முகம் கறுத்தது. எல்லாவற்றையும் கவனமாகத்தான் செய்திருந்தாள். பழைய படங்களைப் பார்த்தாள். முதல் கீறலைக் காட்டச் சொன்னாள். அரைவாசி முன்னுக்கு, மிச்சம் படம் கைக்கு வந்த பிறகு. இரண்டு தரம் இலவசத் திருத்தம். புத்தகத்துக்கு மட்டுமே பாவிக்கலாம், வேறெவருக்கும் விற்கக்கூடாது. எல்லாம் எழுத்தில் இருந்தது. அண்ணனின் சுவிஸ் கார்ட்டில் கட்டி, எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதியதால் அவளும் சுவிஸில் இருக்கிறாள் என்று மில்ரன் நினைத்துக்கொண்டான். செத்த வீட்டுக்கு விமானம் ஏறி ஆர் வரப் போகிறார்கள் என்ற துணிச்சல்!

"என்ர காசு பத்திரமோ எண்டு பத்துத் தரம் கேட்டனான்," என்றாள் சுவேதினி மெல்ல. "கீறுற ஆளுக்கு எவ்வளவு போகுது எண்டு ஒரு தரமும் கேக்கேல்ல."

பிறகு எழுந்தாள். "வா, இப்பவே பொலிசுக்குப் போவம்."

"போனா என்ன நடக்கும்? பக்கத்தை ஆரோ களவெடுத்திட்டினம் எண்டு சொல்லி ஒரு நிமிசத்தில அழிச்சுப் போடுவார். பிறகு நான் என்ர பேரில ஒரு பக்கம் திறந்தா, செத்த பிள்ளையின்ர பேரில களவு எண்டு சனம் என்னைத்தான் ஏசும். இனி நான் டினோஜாவாக் கீற ஏலாது அக்கா. அதுக்குத்தான் சாகடிச்சவர்."

"அப்ப என்ன செய்யிறது?"

டினோஜா விழுந்து கிடந்த பேனாவை எடுத்துத் துடைத்தாள்.

"முதல்ல அவர் என்னை வடிவாச் சாகடிக்கட்டும். நீங்கள் ஒரு திருத்தம் கேளுங்கோ."

சுவேதினிக்கு விளங்க இரண்டு விநாடி ஆனது. விளங்கியதும் அவள் கண்கள் மின்னின!

முதல் வேலையாக அந்த மரண அறிவித்தலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்தாள். பிறகு ஆங்கிலத்தில் ஒரு செய்தி எழுதினாள். ஆழ்ந்த அனுதாபங்கள். ஆனாலும் நம் எழுத்தின்படி இரண்டு திருத்தங்கள் பாக்கி. மேலே ஒரு வள்ளம் வேண்டும். வந்தவுடன் மீதி அரைவாசி. இல்லையென்றால் முற்பணத்தைத் திருப்பித் தரவும்.

நான்கு நிமிடத்தில் பதில் வந்தது. டினோஜா இறப்பதற்கு முன் வள்ளத்தோடும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாராம். மில்ரன் அதைத் தேடி எடுத்து நாளைக்கு அனுப்புகிறானாம்.

ஆறாவது நிமிடத்தில் டினோஜாவின் போன் அலறியது.

மில்ரன்!

அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

"டினோ, எப்பிடிச் சுகம்?"

"இருக்கிறன் அண்ணா."

றஞ்சிதம் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள்.

"கடற்பசுப் படத்தில ஒரு சின்ன வேலை. மேல ஒரு வள்ளம் வேணுமாம். நாளைக்கே தா. ஐந்நூறு ரூபா கூடப் போடுறன்."

"ஆருக்கு அண்ணா?"

"சுவிஸ்ல ஒரு பொம்பிளை. சரியான அரியண்டம். உயிரை எடுக்குது."

"ஆரின்ர உயிரை?"

"என்ன?"

"ஒண்டுமில்லை அண்ணா. கீறித் தாறன்."

அன்று மாலையே பக்கத்தில் புதிய அறிவிப்பு. டினோஜாவின் கடைசி ஓவியம்! இலக்கமிட்ட இருநூறு பிரதிகள்! ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு!

சுவேதினி பல்லைக் கடித்தாள். அவள் புத்தகத்துக்கென்று கேட்ட படத்தை, அவளிடம் ஒரு சொல் கேட்காமல், இருநூறு பேருக்கு விற்கப் போகிறான்.

"விக்கட்டும்," என்றாள் டினோஜா. "எவ்வளவு பேருக்குப் போகுதோ அவ்வளவுக்கு நல்லம்."

அவள் வள்ளத்தைக் கீறினாள்.

நீலப் பைபர் வள்ளம். இந்தக் கரையில் ஒவ்வொரு வள்ளத்தின் முன்பக்க அணியத்திலும் ஒரு பெயர் இருக்கும். ஒரு நீளமான பதிவு இலக்கமும் இருக்கும். இலக்கம் இல்லாத வள்ளம் கடலில் இறங்க முடியாது.

டினோஜாவின் வள்ளத்திலும் பெயர் இருந்தது. 'புனித லாசரு.' நான்கு நாள் கல்லறையில் கிடந்து எழும்பி வந்தவர்.

அதற்குக் கீழே இலக்கம். தொண்ணூற்று நான்கில் தொடங்கும் பதினோரு இலக்கங்கள்.

அவளுடைய சொந்தப் போன் நம்பர், நாட்டுக் குறியீட்டோடு!

அனுப்பினாள்.

மறுநாள் காலை மில்ரன் எடுத்தான். குரலில் ஏதோ நெருடல்.

"டினோ... அந்த வள்ளத்தில என்ன நம்பர் கிடக்கு?"

 வேலிக்கு வெளியே எங்கோ ஒரு கழுதை கத்தியது.

"வள்ள நம்பர் அண்ணா. நம்பர் இல்லாட்டி நேவி மறிக்கும்."

"படத்தில இருக்கிற வள்ளத்தையுமோ?"

"இங்கத்தச் சனம் பாத்தாச் சிரிக்கும் அண்ணா. வெளிநாட்டில இருக்கிற எங்கட ஆக்களும் இதைத்தானே தேடுவினம்."

டினோஜா மனதுக்குள் மூன்று வரை எண்ணினாள்.

"ஓம், அதுவும் சரிதான். ஊர் வாசம் அடிக்குது. நல்ல விலை போகும்."

நான்கு வருடமாக அவளுடைய படங்களை விற்றவன். ஒருநாளும் ஒரு படத்தை ஒழுங்காகப் பார்த்ததில்லை!

ஞாயிறு மாலை ஐந்து மணி.

படம் வெளியானது. இருபது நிமிடத்தில் இருநூறு பிரதிகளும் முடிந்தன. ஐந்து இருபத்தொன்றுக்கு, படத்துக்குக் கீழே சுவேதினி ஒரு வரி எழுதினாள்.

'வள்ளத்தில் இருக்கும் நம்பருக்கு எடுத்துப் பாருங்கோ.'

மூன்று நிமிடத்தில் மில்ரன் அதை அழித்தான்.

மூன்று நிமிடம் போதும்.

முதல் அழைப்பு நோர்வேயிலிருந்து. ஒரு வயதானவர். ஆர் கதைக்கிறது என்று கேட்டார். அவள் பெயரைச் சொன்னாள். செத்த பிள்ளையின் பேரில் விளையாடாதே என்று வைத்துவிட்டார். இரண்டாவது அழைப்பு கனடா. அழுகை. மூன்றாவது, குவைத்தில் வீட்டுவேலை செய்யும் சபூரா என்ற பெண். மகளின் பிறந்தநாளுக்குப் படம் கேட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்து முற்பணம் கட்டியவள்.

"நீங்க உசிரோடதான் இருக்கிறீங்க எண்டு நான் எப்படி நம்புற?" என்றாள் சபூரா.

"வீடியோவில வாங்கோ. உங்கட மகளின்ர படத்தை அனுப்புங்கோ."

டினோஜா போனைத் தகரப் பேணியில் சாய்த்து வைத்தாள். கீறத் தொடங்கினாள். நெற்றி. புருவம். விழுந்த முன்பல். சபூரா படம் வாங்கிய மற்றவர்களையும் கூப்பிட்டாள். பத்துப் பேர்... நாற்பது பேர்... நூற்றெழுபது பேர்! எல்லோரும் அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்தபோது நோர்வேக்காரர்தான் முதலில் மன்னிப்புக் கேட்டார். அவருக்கு டினோஜா தன் நிபந்தனைகளைச் சொன்னாள். அரைவாசி முன்னுக்கு. முதல் கீறலைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மிச்சம் முடிந்த பிறகு. எதற்குப் பாவிக்கிறீர்கள் என்று எழுதித் தரவேண்டும்.

"விலை?" என்று கேட்டார் அவர்.

டினோஜா ஒரு கணம் தயங்கினாள். தன் படத்துக்குத் தானே விலை சொல்வது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

சொன்னாள். அவர் பேரம் பேசவில்லை.

அடுத்த நாள் பொலிசில் முறைப்பாடு. புதன்கிழமை மில்ரன் பொலிஸ் நிலையத்துக்கு வந்து சேர்ந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு தடித்த கோப்பு. முகத்தில் பயமே இல்லை!

இன்ஸ்பெக்டர் எமிலியானுஸ் மேசைக்கு அப்பால் இருந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது. எந்த அவசரமும் இல்லாத மனிதர்.

"இந்தப் பிள்ளை செத்திட்டா எண்டு போட்டு, சாவுக்குக் காசு சேத்தனீராம்?"

மில்ரன் புன்னகைத்தான்.

"சேர், இந்தப் பிள்ளை டினோஜா இல்லை."

றஞ்சிதம் கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"டினோஜா எண்டு ஒரு ஓவியரே இல்லை சேர். அது என்ர புனைபெயர். படம் கீறினது முழுக்க நான். தற்செயலா இவவுக்கும் அந்தப் பேர். நிறம் தீட்டக் கூலிக்கு வைச்சிருந்தனான். பாருங்கோ... பக்கம் என்ர பேரில. மின்னஞ்சல் என்ர பேரில. ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் என்ர பேரில. இவவிட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கோ?"

கோப்பைத் திறந்து வைத்தான். நான்கு வருடத்துக் கடதாசிகள். ஒன்றிலும் அவள் கையெழுத்து இல்லை!

சுவேதினி திகைத்துப்போய் டினோஜாவைப் பார்த்தாள்.

டினோஜா எழுந்தாள். ஒவ்வொரு கடதாசியாகப் புரட்டினாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்.

"ஓம் சேர். அவர் சொல்லுறது சரி. டினோஜா அவர்தான். அப்பிடியே எழுதுங்கோ."

"பிள்ளை!" என்று கத்தினாள் றஞ்சிதம்.

"எழுதட்டும் அம்மா. டினோஜாவிட்ட முற்பணம் கட்டிப்போட்டு நாற்பத்துமூண்டு பேர் காத்துக்கொண்டிருக்கினம். அவர் இதில இருந்து கீறட்டும். பேப்பர் நான் வாங்கித் தாறன்."

மில்ரனின் புன்னகை ஓர் ஓரத்தில் உடைந்தது.

எமிலியானுஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவேதினி கொடுத்திருந்த மரண அறிவித்தலை எடுத்தார். சத்தமாக வாசித்தார். மாலை, மெழுகுதிரி, நல்லடக்கம், வங்கிக் கணக்கு... எல்லாவற்றையும்.

"இந்தப் பிள்ளை டினோஜா எண்டா, உயிரோட இருக்கிறவவைச் சாகடிச்சுக் காசு சேத்திருக்கிறீர். நீர் டினோஜா எண்டா, உம்மட சாவுக்கு நீரே காசு சேத்திருக்கிறீர். எதை எழுத?"

  மில்ரனின் வியர்வை இஸ்திரிச் சட்டையில் வரைபடம் கீறியது. அவன் வாழ்க்கையில் கீறிய முதல் படம்!

"புனைபெயர் தான் சேர்... நான்தான் டினோஜா..." என்றான் கடைசியில், குரல் உடைந்து. "எனக்குப் பிணை தாங்கோ சேர். நாளைக்கு லோயரோட வாறன்."

எமிலியானுஸ் அதை அப்படியே எழுதி, அவனிடம் கையெழுத்து வாங்கினார். பேனாவை மூடினார்.

"போன கிழமை செத்து அடக்கம் பண்ணின ஆளுக்கு என்னெண்டு தம்பி பிணை தாறது? முதல்ல உயிர்த்தெழும்பும். பிறகு பாப்பம்."