தெமட்டகொடையில் இல்லாத 811

நபீஸ் செய்த எஞ்சினின் கொதிகலன் ஒரு பால்மா டின். புகைபோக்கி, தீர்ந்துபோன பசைப் போத்தல். சக்கரங்கள் எல்லாம் சோடாப் போத்தல் மூடிகள். மூன்று வாரமாக வெட்டினான், ஒட்டினான், கறுப்புப் பெயின்ற் அடித்தான். கடைசியாக முன்பக்கச் சிவப்புப் பலகையில் வெள்ளை நிறத்தில் 811 என்று எழுதினான். அன்று அவன் மூக்கின் நுனியும் வெள்ளையாகத்தான் இருந்தது.

லவினாவும் நபீஸும் கொட்டாஞ்சேனையில் ஒரே பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பில் படித்தார்கள். இருவருக்கும் ஒரு ரயில் விளையாட்டில் பைத்தியம். ‘நூறு ஸ்டேஷன்’ என்ற கம்ப்யூட்டர் விளையாட்டு அது. அதில் ஓடும் நீராவி எஞ்சின்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நாட்டில் உண்மையாகவே ஓடியவை. எஞ்சினின் படத்தை அமத்தினால் அது எந்த நாட்டுக்காரர் என்று ஒரு சின்னக் குறிப்பு வரும்.

811ஐ அமத்தினால், ‘இலங்கை. பழைய புகைப்படம் ஒன்றைப் பார்த்து உருவாக்கியது’ என்று வந்தது. பக்கத்திலேயே அந்தக் கறுப்பு வெள்ளைப் படமும் இருந்தது. படத்தில் எஞ்சின் நின்றது. அதன் முன்னால் மீசை வைத்த ஒருவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடக் கண்காட்சி. ‘விளையாட்டில் ஓடும் எஞ்சின், நிசத்தில் ஓடிய எஞ்சின்’ என்று இருவரும் தலைப்புக் கொடுத்திருந்தார்கள். விளையாட்டு எஞ்சினை நபீஸ் செய்வது, நிச எஞ்சினை லவினா படம் எடுத்து வருவது என்று ஏற்பாடு.

லவினா யோசிக்காமல் ஒப்புக்கொண்டாள். அவளுடைய அப்பாவின் நண்பர் ஹியூபேட் அங்கிள் தெமட்டகொடை ரயில் யார்டில் வேலை செய்கிறார். பழைய நீராவி எஞ்சின்கள் அங்கேதான் நிற்கின்றன. 811 வேறு எங்கே போயிருக்கும்? “கட்டாயம் அங்கதான் நிக்குது” என்று அவள் சுதர்சினி டீச்சரிடமும் சொல்லிவிட்டாள், வகுப்பு முழுக்கவும் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை போயா, பௌர்ணமி விடுமுறை. அப்பா யேசுரட்ணத்துக்குத் துறைமுகத்தில் வேலை இல்லை. அவரும் லவினாவும் நபீஸும் ஒரு த்ரீவீலில் ஏறித் தெமட்டகொடைக்குப் போனார்கள். நபீஸ் தன் எஞ்சினை ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் வைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் மடியில் வைத்திருந்தான். பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம்.

வாசலில் நின்ற காவலாளியிடம் அப்பா சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னார். காவலாளி பிஸ்கட் பெட்டியைத் திறந்து பார்த்துச் சிரித்துவிட்டு, உள்ளே தொலைபேசி எடுத்தார். சற்று நேரத்தில் ஹியூபேட் அங்கிள் நீலச் சட்டையும் எண்ணெய்க் கையுமாக வந்தார்.

வந்தவரின் முகம் அவ்வளவு நன்றாக இல்லை.

“மகள், அப்பா சொன்ன நம்பரைத் தேடினனான்,” என்றார். “எண்ணூற்றிப் பதினொண்டு எண்டு ஒரு எஞ்சின் எங்கட லிஸ்டிலயே இல்லை. ரெண்டு தரம் பாத்தனான். இஞ்ச நிண்டதும் இல்லை, ஓடினதும் இல்லை.”

நபீஸ் பெட்டியின் மூடியை மெல்ல மூடினான்.

வந்ததுதான் வந்தோம், இருப்பவற்றையாவது பார்த்துவிட்டுப் போவோம் என்று அப்பா சொன்னார். பெரிய கொட்டகைக்குள் எஞ்சின்கள் வரிசையாக நின்றன. விளையாட்டில் விரல் நீளம் இருந்த சக்கரம் இங்கே லவினாவின் தோள் உயரம் இருந்தது. எண்ணெயும் கரியும் கலந்த மணம். முதலாவது எஞ்சினைக் கடந்தார்கள். இரண்டாவதைக் கடந்தார்கள். மூன்றாவதன் முன்னால் நபீஸ் நின்றுவிட்டான்.

“இந்த நெளிவைப் பாரு,” என்றான்.

எஞ்சினின் முகத்தில், விளக்குக்குப் பக்கத்தில், ஒரு நெளிவு இருந்தது. பிறை மாதிரி வளைந்து, கீழ் நுனி மட்டும் கொஞ்சம் அகலமாக இருந்தது. விளையாட்டில் 811இன் முகத்திலும் அதே நெளிவு உண்டு. அதற்காகத்தான் நபீஸ் நல்ல பால்மா டின்னைச் சுத்தியலால் தட்டி உம்மாவிடம் ஏச்சு வாங்கியிருந்தான்.

ஆனால் சிவப்புப் பலகையில் 118 என்று எழுதியிருந்தது.

நபீஸ் பெட்டியிலிருந்து தன் எஞ்சினை எடுத்து நீட்டிப் பிடித்தான். இருவரும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதே புகைபோக்கி. அதே விளக்கு. கொதிகலனை ஒட்டி ஓடும் அதே நீளமான குழாய். ஆனால் நபீஸின் எஞ்சினில் குழாய் இடப்பக்கம் ஓடியது. இங்கே வலப்பக்கம். நெளிவும் அப்படித்தான். அங்கே விளக்குக்கு இடப்பக்கம், இங்கே வலப்பக்கம்.

“பிறகு மாத்திப் பூட்டியிருப்பாங்களோ?” என்று லவினா கேட்டாள்.

குழாயைக் கழற்றி மறுபக்கம் பூட்டலாம், நெளிவை எப்படிக் கழற்றுவது என்று ஹியூபேட் அங்கிள் கேட்டார். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பத்து வருடமாக இந்த எஞ்சினைத் துடைத்து வருகிறார், இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை என்றார்.

இதே மாதிரி இரண்டு எஞ்சின்கள் இருந்திருக்கலாம் என்று அப்பா சொன்னார். இரண்டும் ஒரே மாதிரி நெளிந்ததா என்று நபீஸ் கேட்டான்.

நபீஸின் காதுகள் சிவந்திருந்தன. அவன் லவினாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கதைத்தான்.

“நீதானே இங்க இருக்கு எண்டு சொன்ன. எனக்கு ஒண்டும் வெளங்கல்ல. மூணு கிழமையா இல்லாத எஞ்சின் ஒண்டத்தானா செஞ்சிருக்கன்?”

லவினாவுக்கும்தான் விளங்கவில்லை. எல்லாமே சரியாக இருந்தது, எல்லாமே பிழையாகவும் இருந்தது. ஒரே நேரத்தில் எப்படி இரண்டுமாக இருக்க முடியும்?

நிலைமையைக் கொஞ்சம் இலகுவாக்க நினைத்த அப்பா, எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுப்போம் என்று சொன்னார். நால்வரும் 118க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நெருங்கி நின்றார்கள். அப்பா கையை நீட்டி, தொலைபேசியின் திரை தங்கள் பக்கம் இருக்கும்படி பிடித்தார். திரையில் நாலு முகங்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. அப்பாவின் தோளுக்கு மேலே சிவப்புப் பலகை தெரிந்தது.

அதில் 811 என்று இருந்தது.

லவினா திரும்பி எஞ்சினைப் பார்த்தாள். 118. திரையைப் பார்த்தாள். 811. மறுபடி திரும்பினாள். 118.

“அசையாம நில்லுங்கோ மகள்,” என்றார் அப்பா.

“அப்பா, அமத்தாதேங்கோ. கொஞ்சம் அப்பிடியே பிடியுங்கோ.”

அதற்குள் அப்பாவின் விரல் அமத்திவிட்டது. லவினா தொலைபேசியை வாங்கி, எடுத்த படத்தைத் திறந்தாள். அதில் 118 என்றுதான் இருந்தது. மறுபடி கமெராவைத் திறந்து தானே பிடித்துப் பார்த்தாள். 811. நபீஸ் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். குழாய் இடப்பக்கம் ஓடியது. நெளிவும் இடப்பக்கம் இருந்தது. அவன் செய்த எஞ்சின், பால்மா டின் பெரிதாகி நின்றதுபோலத் திரைக்குள் நின்றது.

லவினா திரையில் தன்னைப் பார்த்தாள். தலையில் இடப்பக்கம் குத்திய கிளிப் திரையிலும் இடப்பக்கமே தெரிந்தது. திரைக்குள் இருக்கும் பிள்ளை உண்மையில் அவளைப் பார்த்து நிற்கும் இன்னொரு பிள்ளை என்றால், கிளிப் அந்தப் பிள்ளையின் வலப்பக்கம் அல்லவா இருக்கிறது?

“இது கண்ணாடி,” என்றாள். “படம் எடுக்க முதல் இது எங்களுக்குக் கண்ணாடி மாதிரிக் காட்டுது. எடுத்தாப் பிறகு சரியாத் திருப்பிப் போடுது.”

ஹியூபேட் அங்கிள் மூன்று தடவை திரையையும் எஞ்சினையும் பார்த்தார். எட்டைக் கண்ணாடியில் பார்த்தாலும் எட்டு, நேர்க்கோடாக எழுதிய ஒன்றைப் பார்த்தாலும் ஒன்று என்று தனக்குள் முணுமுணுத்தார்.

நபீஸுக்கு இன்னும் சந்தேகம் போகவில்லை. விளையாட்டைச் செய்தவர்கள் கண்ணாடியில் பார்த்தா எஞ்சின் செய்தார்கள் என்று கேட்டான். அது நியாயமான கேள்வி. லவினா சிமெந்துத் தரையில் குந்தியிருந்து யோசித்தாள். பிறகு புவியியல் பாடத்துக்கு, மறுபக்கம் தெரியும் மெல்லிய ரிஷூத் தாளில் இலங்கைப் படம் வரைந்தது நினைவு வந்தது.

“ரிஷூத் தாளைத் தவறுதலாத் திருப்பி வச்சு ஒட்டினா என்ன நடக்கும்?”

“கொழும்பு கிழக்கில மட்டக்களப்புப் பக்கம் போயிரும். எனக்கு அப்பிடித்தானே மார்க்ஸ் போச்சு.”

“அந்தப் பழைய படத்தையும் ஆரோ அப்பிடித் திருப்பி அச்சடிச்சிருப்பினம். விளையாட்டைச் செய்தவையள் அதைப் பாத்து எஞ்சின் செய்திருக்கினம். நம்பரைப் பாத்தாலும் பிழை தெரியாது. வேற எழுத்து ஒண்டும் அதில இல்லைத்தானே.”

“இருக்கலாம் எண்டுதானே சொல்ற,” என்றான் நபீஸ். “போன முறையும் நீ கட்டாயம் எண்டுதான் சொன்ன.”

அது லவினாவுக்குச் சுருக்கென்று பட்டது. ஆனால் அவன் சொன்னதில் பிழை இல்லை. இந்தத் தடவை ‘கட்டாயம்’ என்று சொல்வதற்கு முன் கையில் ஏதாவது வேண்டும். தொலைபேசியில் விளையாட்டின் பக்கத்தைத் தேடி, அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பெரிதாக்கினாள். எஞ்சினை விட்டுவிட்டு மீசைக்காரரைப் பார்த்தாள். தொப்பி, மீசை, சட்டை. சட்டையில் ஒரு பொக்கற். பொக்கற்றுக்குள் ஒரு பேனை.

அவள் நிமிர்ந்து ஹியூபேட் அங்கிளின் சட்டையைப் பார்த்தாள். அப்பாவின் சட்டையைப் பார்த்தாள். எழும்பிப் போய் நபீஸின் நெஞ்சைப் பார்த்தாள்.

“என்ன பாக்கிற?” என்று நபீஸ் ஒரு அடி பின்னால் போனான்.

“உங்கள் மூண்டு பேருக்கும் பொக்கற் இடப்பக்கம். இந்த ஆளுக்கு மட்டும் வலப்பக்கம்.”

நான்கு தலைகளும் தொலைபேசியின் மேல் குனிந்தன. அப்பா தன் பொக்கற்றைத் தடவிப் பார்த்தார். ஹியூபேட் அங்கிளும் தடவிப் பார்த்தார். யார்டில் வேலை செய்த இன்னும் இரண்டு பேர், இங்கே என்ன நடக்கிறது என்று வந்து பார்த்தார்கள். அவர்களுக்கும் இடப்பக்கம்தான்.

நபீஸ் வெகுநேரம் படத்தைப் பார்த்தான். பிறகு 118இன் பக்கத்தில் போய், எட்டக்கூடிய ஓர் இடத்தில் உள்ளங்கையை வைத்தான். இரும்பு குளிர்ந்திருந்தது.

“அப்ப இதுதான் அது,” என்றான் மெதுவாக.

ஆனால் திரும்பி வரும் வழியில் அவன் முகம் மறுபடி வாடிவிட்டது. எஞ்சின் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் அவன் செய்தது பிழையான எஞ்சின்தானே? கண்காட்சிக்கு இன்னும் ஒரே ஒரு நாள். குழாயைப் பிய்த்தால் பெயின்ற் உரியும். நெளிவை நிமிர்த்தவே முடியாது. நம்பரை மட்டும் மாற்றினால் அதைவிடக் கேவலம். கண்காட்சிக்கு வெறும் படத்தை மட்டும் வைப்போம், இதை வீட்டிலேயே வைத்துவிடுகிறேன் என்றான்.

அந்த எஞ்சினில் ஒரு மூடிகூட இடம் மாறவில்லை. பார்த்ததைப் பார்த்தபடியே அவன் செய்திருந்தான். பார்த்த படம் பிழை என்றால் அவன் என்ன செய்வான்? அதைச் சொல்லலாம் என்று லவினா நிமிர்ந்தபோது, த்ரீவீல்காரரின் தலைக்கு மேலே இருந்த கண்ணாடி அவள் கண்ணில் பட்டது. அதற்குள் நபீஸின் மடியும், மடியில் பெட்டிக்கு வெளியே இருந்த எஞ்சினும் தெரிந்தன.

“நபீஸ், அந்தக் கண்ணாடியைப் பார்.”

அவன் பார்த்தான். 118. குழாய் வலப்பக்கம். நெளிவு வலப்பக்கம். நபீஸ் வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தான். என்னத்தை இப்படிப் பார்க்கிறார்கள் என்று த்ரீவீல்காரரும் கண்ணாடியைப் பார்த்துத் தன் தலைமயிரைச் சரிசெய்துகொண்டார்.

வியாழக்கிழமை பின்னேரம் லவினாவின் வீட்டில் இருவரும் விளையாட்டைச் செய்தவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, படங்களோடு அனுப்பினார்கள். பதில் ஒன்றும் வரவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட இருவருக்கும் நேரமும் இல்லை. லவினாவின் அம்மாவின் மேசைக் கண்ணாடியை உடையாமல் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை அவர்களுடைய மேசையில் மூன்று பொருட்கள் இருந்தன. நபீஸின் 811. அதற்கு முன்னால் கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில், யார்டில் எடுத்த பெரிய படம். விளக்கம் எதுவும் எழுதி ஒட்டவில்லை. அது லவினாவின் யோசனை. தாங்கள் குழம்பியதுபோல மற்றவர்களும் முதலில் கொஞ்சம் குழம்பட்டும் என்றாள்.

குழம்பினார்கள். எட்டாம் வகுப்பு அண்ணாமார் எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். சுதர்சினி டீச்சர் படத்தோடு ஒப்பிட்டு, நம்பர் பிழையாக எழுதியிருக்கிறது என்று சிவப்புப் பேனையை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்ததும் பேனையை மூடினார். பிறகு தலையைச் சரித்து ஒரு முறை, நிமிர்த்தி ஒரு முறை பார்த்தார்.

“இதில எது சரி?” என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்.

லவினா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் நபீஸ் மேசையின் முன்னால் வந்து நின்றுவிட்டான். நெளிவிலிருந்து தொடங்கி, பொக்கற்றுக்குப் போய், மட்டக்களப்புப் பக்கம் போன கொழும்பைச் சொல்லி, கேட்ட பிள்ளையைக் கண்ணாடியின் முன் நிறுத்திக் காட்டினான். பின்னால் வரிசை நீண்டது. மூச்சு விட அவன் எங்கேயாவது நிறுத்தினால் தானும் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று லவினா காத்திருந்தாள்.

மத்தியான மணி அடிக்கும்வரை அவன் நிறுத்தவே இல்லை.