வீட்ல யாரு?

சாலோமி கருப்பட்டிக் காப்பி டம்ளரை இடது கையால் எடுத்தாள்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை. ஐந்து வயதுப் பிள்ளை எந்தக் கையால் எடுத்தால்தான் என்ன? ஆனாலும் பெர்லின் தோசைக்கரண்டியும் கையுமாக அப்படியே நின்றுவிட்டாள். பிள்ளை சுண்டுவிரலை டம்ளரின் அடியில் முட்டுக் கொடுத்து, கண்ணைப் பாதி மூடி, இரண்டு தடவை ஊதிவிட்டுக் குடித்தது. அந்த வீட்டில் அப்படிக் காப்பி குடித்தவன் ஒருவன்தான், அவள் புருஷன் ஜாஸ்பர். அவன் தொண்ணூற்றிரண்டு வெள்ளத்தில் போனபோது, சாலோமி தவழக்கூட ஆரம்பிக்கவில்லை.

"ஏட்டி, அது பீச்சாங்கை. மாத்திப் பிடி."

பிள்ளை கையை மாற்றவில்லை. திரும்பிப் பார்த்துச் சிரித்தது. வெளியே ஐப்பசி மழை. கொக்கிரகுளத்துக் கரையில் ஆறு இரைகிற சத்தம், பக்கத்து அறையில் யாரோ பாயைச் சுருட்டுவதுபோல் கேட்டது.

அதற்கு முந்தின நாள்தான் பெர்லின் ஜாஸ்பரின் புரோகிராமைத் துப்புரவு செய்து முடித்திருந்தாள்.

பாளையங்கோட்டை தெற்கு பஜாரில் கோபாலசுப்பிரமணியன் வைத்திருந்த கம்ப்யூட்டர் சென்டரில் ஜாஸ்பர் வேலை பார்த்தான். கடைகளின் கணக்கு, பள்ளிக்கூடங்களின் மார்க்கு எல்லாம் அங்கே வரும். அன்றன்றைய ஃபைல்களை ஓரிடத்திலிருந்து எடுத்துப் பத்திரமான இடத்தில் சேர்ப்பதற்கு அவன் ஒரு புரோகிராம் எழுதினான். ஃபைல் முதலில் வந்து காத்திருக்கிற இடத்துக்கு 'வாசல்' என்று பெயர் வைத்தான். போய்ச் சேருகிற இடத்துக்கு 'வீடு'. கம்ப்யூட்டரில் எதையும் தூக்கி வைக்க முடியாது. புது இடத்தில் ஒரு பிரதி எழுத வேண்டும், அப்புறம் பழைய இடத்தில் இருப்பதை அழிக்க வேண்டும். அவ்வளவுதான். அழிக்கிறோமே என்று ஜாஸ்பருக்கு அதிலும் ஒரு சங்கடம். அதனால் வாசலில் ஒரு ஃபைலை அழித்ததும், அதன் பெயரைச் சொல்லி, 'போயிட்டு வாரேன்' என்று திரையில் ஒரு வரி வரும்படி செய்தான். அதேபோல, வீட்டில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், புரோகிராம் அதன்மேல் எழுதாது. நின்றுவிடும். நின்று கேட்கும்: 'வீட்ல யாரு?'

அவன் தெருவில் அப்படித்தான். கதவு விரியத் திறந்து கிடந்தாலும் படியில் நின்று அந்த ஒரு வார்த்தை கேட்காமல் யாரும் உள்ளே கால் வைக்க மாட்டார்கள்.

வெள்ளத்துக்கு முந்தின நாள் சோதனைக்காக மகள் பெயரில் வீட்டில் ஒன்றும் வாசலில் ஒன்றுமாக இரண்டு ஃபைல் போட்டிருந்தான். மறுநாள் காலையில், பக்கத்து வீட்டுக் கோமுவின் படுத்த படுக்கையான அம்மாவைத் தூக்கி வரப் போனான். "போயிட்டு வாரேன் பெர்லி." கிழவியைக் கரையில் சேர்த்துவிட்டான். அவனைத்தான் காணோம். உடம்பும் கிடைக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவனுக்கென்று ஆறடி மண்ணும் இல்லாமல் போயிற்று.

கோபாலசுப்பிரமணியன் நல்ல மனுஷர். பெர்லினைக் கூப்பிட்டு, வேலையும் கற்றுக்கொடுத்து, அவன் நாற்காலியிலேயே உட்கார வைத்தார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் புரோகிராம் ஓடும், சாலோமி என்ற பெயர் வந்ததும் நிற்கும், 'வீட்ல யாரு?' என்று கேட்கும். யாராவது வேண்டாமென்று ஒரு விசையைத் தட்டிவிட்டுப் போவார்கள். வாசலில் கிடந்ததை அழிக்க ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"புது மெஷின் வந்துடுத்தும்மா. ராத்திரி ஆள் இல்லாம அதுவா ஓடணும்" என்றார் அவர். "இது என்னடான்னா தெனமும் வாசல்ல நின்னுண்டு கேட்டுண்டே இருக்கு. கொஞ்சம் ஒழுங்கு பண்ணிடேன்."

ஒழுங்கு பண்ணினாள். சுற்றிச் சுற்றிப் போன வரிகளை நேராக்கினாள். 'போயிட்டு வாரேன்' வரியில் கை வைக்க முடியவில்லை. அது அவன் கடைசியாகச் சொன்னது. 'வீட்ல யாரு?' தான் வேலையை நிறுத்துகிறது. அதை மட்டும் எடுத்துவிட்டாள்; இனி அது கேட்காமலே மேலே எழுதிக்கொள்ளும். ஓட்டிப் பார்ப்பதற்கு முன்னால் ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் இருந்த ஃபைல், ஒரு வரிகூட எழுதாமல் போட்டது, எவ்வளவோ பெரிதாக வளர்ந்திருந்தது. பழைய மெஷின்தானே, ஏதாவது கோளாறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஓட்டினாள். எங்கும் நிற்கவில்லை. கடைசியில் திரையில் வந்தது: 'சாலோமி. போயிட்டு வாரேன்.'

அதைப் படித்து அவள் கொஞ்சம் அழக்கூடச் செய்தாள்.

மறுநாள், காப்பி குடித்த அந்தச் சனிக்கிழமை முழுக்கப் பிள்ளையின் தலை ஈரமாகவே இருந்தது. துவட்டத் துவட்ட ஈரம். தலையணையில் ஆற்றுப் பாசியின் வாடை. நடு வீட்டில், மழை ஒழுகாத இடத்தில், சின்னச் சின்னப் பாத ஈரம். சாயங்கால ஜெபத்துக்கு முழங்கால் போட்டபோது, கரண்டு போன இருட்டில், மெழுகுவத்திக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"பெர்லி."

பிள்ளையின் வாய்தான். குரல் அடியிலிருந்து வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. அவளை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் வேறு யாரும் இல்லை.

அவள் பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் பயத்துக்கு முன்னால் நெஞ்சுக்குள் வேறொன்று முந்திக்கொண்டு வந்துவிட்டது. பசித்த வயிற்றில் கஞ்சி இறங்குகிற மாதிரி ஒரு சுகம்.

"இன்னொரு தரம் சொல்லு" என்றாள்.

பிள்ளை சொன்னது.

அன்று படுக்கையில் சாலோமி அவள் வயிற்றோடு ஒட்டிக்கொண்டாள். இந்தத் தடவை பிள்ளைக் குரலேதான்.

"ம்மா, பைய ஒதுங்கிக்கிட்டே இருக்கேன். இடம் போதல."

"பாய்ல எவ்வளவு எடம் கெடக்கு. தள்ளிப் படு தங்கம்."

"பாய்ல இல்லம்மா."

மறுநாள் கோமு பூனைக்குட்டியை எடுத்துக்கொண்டு வந்தாள். சாலோமி பெயர் வைத்து, தன் பங்குப் பாலை ஊற்றி வளர்க்கிற குட்டி. பிள்ளை அதை ஊரான் வீட்டுப் பூனையைப் பார்ப்பதுபோல் பார்த்தது. பிறகு கோமுவை நிமிர்ந்து பார்த்துக் கேட்டது: "ஒங்கம்மா சொகமா இருக்காளா? ரொம்பத் தண்ணி குடிச்சிட்டாளே."

கோமுவின் முகத்தில் ரத்தம் இல்லை. "யக்கா, இது யாருக்கா பேசுதா?"

பெர்லின் பிள்ளையைக் கோமுவிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, குடைகூட எடுக்காமல் டவுன் பஸ்ஸைப் பிடித்தாள்.

சென்டருக்கு மேலேதான் கோபாலசுப்பிரமணியனின் வீடு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கி வந்து திறந்துவிட்டார். அவள் பழைய புரோகிராமை ஃபிளாப்பியிலிருந்து எடுத்துத் திரும்பப் போட்டாள். ஓட்டினாள். எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு வாசலில் யாரும் இல்லை.

"சார், சாலோமி ஃபைல். முந்தி வீட்டுல இருந்ததே, அது. திருப்பி எடுக்கணும் சார்."

அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அழிச்சிருந்தா தேடி எடுத்துடலாம்மா. இது மேலயே எழுதியிருக்கே. மேல எழுதிட்டா அடியில இருந்தது திரும்பாது." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வெறும் சோதனை ஃபைல்தானேம்மா? அதுக்குப் போயி ஏன் அழறே?"

திரும்பி வரும்போது அந்தி மயங்கிவிட்டது. தெருவில் கரண்டு இல்லை. கோமு வாசலில் முக்காடு போட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"நிக்கலக்கா. 'எங்க வீட்டுக்குப் போறேன்'னு கையை உதறிட்டு உள்ள போயி கதவைச் சாத்திக்கிட்டுது. வலு என்னா வலுங்கே. ஆம்பள வலு."

பெர்லின் படியேறினாள். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ்ப்பாள் போடவில்லை. தள்ளினால் திறக்கும். தள்ளக் கை வரவில்லை. கதவின் அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்து அவள் கால்விரலைத் தொட்டது. ஆற்றுத் தண்ணீர். கலங்கல்.

கர்த்தாவே என்றாள். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை. வந்தது ஒரே ஒரு வார்த்தை. இரண்டு நாளைக்கு முன்னால் அவள் தேவையில்லை என்று எடுத்துப் போட்ட வார்த்தை.

"வீட்ல யாரு?"

மழை. ஆறு. உள்ளே ஒரு மூச்சு.

"நாந்தான் பெர்லி."

"அய்யோ" என்றாள் அவள். "புள்ள எங்க?"

உள்ளே அந்தக் குரல் உடைந்து அழுதது. உயிரோடு இருந்தபோதும் அவன் அப்படித்தான், ஒரு குருவி செத்துக் கிடந்தால்கூட அழுவான்.

"எனக்குத் தெரியாது பெர்லி. கேக்காம நான் வந்ததில்ல. அத்தனை வருசமும் படியிலதான் நின்னேன். அன்னைக்கு ஆரும் நிறுத்தல. தெறந்து கெடக்குன்னு வந்துட்டேன். உள்ள வந்த பெறவுதான் பாக்குதேன், புள்ள எனக்கு எடம் விட்டு, எடம் விட்டு, செவுத்தோட ஒட்டி நிக்கி."

"எங்க அவ? எங்க?"

"போயிட்டு வாரேன்னு சொல்லிச்சு."

கதவு உள்ளிருந்து திறந்தது. தாழ்ப்பாளைப் பிடித்திருந்தது சாலோமியின் சின்ன இடது கை. பெர்லின் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தாள். நடு வீட்டிலிருந்து பிஞ்சுப் பாதங்களின் ஈரம் வரிசையாக வந்து, படியைத் தாண்டி, தெருவைத் தாண்டி, கோரைப்புல்லுக்குள் இறங்கி, ஆறு இரைகிற பக்கமாகப் போயிருந்தது.

அந்த மழையிலும் அது அழியவில்லை. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.