போயிட்டு வாங்க

மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. பெண்கள் செருப்பு, பழுப்பு நிறம், குதிகால் தேய்ந்தது. ஜிப் மாற்றவோ சட்டையைப் பிடித்துத் தைக்கவோ யாரோ வந்திருக்கிறார்கள் என்று தையல்காரி மிஷினை விட்டு எழுந்து வந்தாள். படிக்கட்டில் யாரும் இல்லை. மேல்மாடிக்குப் போனவர்கள் கழற்றிப் போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். இரண்டு மாடி ஏறப் போகிறவர்கள் இங்கே ஏன் கழற்ற வேண்டும் என்று யோசிக்கவில்லை. உண்மையில் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்த வாசலில் இன்னொருவர் செருப்பு கிடந்து மாசக்கணக்காகிறது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவளுடைய வீட்டுக்காரர் இதே வாசலில் நின்று "போறேன்" என்றார். சண்டை போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்புகிறவன்கூட "வரேன்" என்றுதான் சொல்வான். அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. வார் அறுந்து, பழுப்பு நூல் இல்லாமல் பச்சை நூலால் அவள் தைத்துக் கொடுத்த செருப்பைத்தான் மாட்டிக்கொண்டு போனார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

டிவியில் அந்தத் தொடர் வந்தபோது அவள் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம். கதாநாயகியின் கணவன் முதல் எபிசோடில் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போவான். ஒவ்வொரு நாளும் ஏழு மணிக்குக் கதாநாயகி வாசலைப் பார்ப்பதோடு எபிசோட் முடியும். இருநூற்றுப் பன்னிரண்டாவது எபிசோடோடு சேனல்காரர்கள் தொடரை அம்போ என்று நிறுத்திவிட்டார்கள். அவன் வந்தானா இல்லையா என்று சொல்லவே இல்லை. பொறுக்கமுடியாமல் தையல்காரி போனில் ஒரு ரசிகர் குரூப் ஆரம்பித்தாள். சேர்ந்தது பதினோரு பேர்.

இருநூற்றுப் பதின்மூன்றை அவளே எழுதிப் போட்டாள். கதாநாயகியின் வீட்டை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தன் வீட்டையே எழுதினாள். ஜன்னலோரம் மிஷின், நீலத் திரை, மூன்றாவது படியில் விரிசல் விட்ட படிக்கட்டு. தினமும் எழுதினாள். பதினொன்று இருநூறாகி, இருநூறு மூவாயிரமாகி, நாற்பதாயிரத்தைத் தொட்டது. ஏழு மணிக்குப் படித்துவிட்டுக் கிளம்பும்போது எல்லோரும் "வரேன்" என்று போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டுக்கு வந்தவர்களிடம் வாய் தானாகச் சொல்வதைப்போல இவளும் "வாங்க, வாங்க" என்று பெருவிரல் மரத்துப்போகும்வரை பதில் போடுவாள். அந்த அரை மணி நேரம் அவள் தனியாக இல்லை.

அந்த முதல் செருப்பு கிடந்ததற்கு மறுநாள் மூன்று ஜோடி கிடந்தது. அதற்கடுத்த நாள் பதினாறு.

எதிர்வீட்டு நர்ஸ் டியூட்டி முடிந்து வந்தவள் கதவருகே நின்று எட்டிப் பார்த்தாள். "என்னக்கா, வீட்ல ஏதும் விசேஷமா? படியெல்லாம் செருப்பா கிடக்கு. எங்களுக்கெல்லாம் சொல்லவே இல்ல?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நான் மட்டும்தான் இருக்கேன்."

நர்ஸ் அவள் தோளுக்கு மேலே வீட்டுக்குள் பார்த்தாள். சிரிப்பு நின்றது. தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை வீட்டில் ஒரு வாடை இருந்தது. மழையில் நனைந்த துணியும் பலருடைய தலை எண்ணெயும் கலந்த, கூட்டம் நிறைந்த பஸ்ஸின் வாடை. திரை அசையாமல் தொங்கியது. குரூப்பில் யாரோ எழுதியிருந்தார்கள்: "அக்கா, அந்த முக்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு அட்டையை மடிச்சு வைங்க."

முக்காலியைப் பற்றி அவள் எழுதியதே இல்லை. அது வீட்டுக்காரர் உட்காரும் முக்காலி. அவர் உட்கார்ந்தால் டக்கென்று ஒரு பக்கம் சாயும்.

தங்கைக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தங்கை சொன்னாள்: "முதல்ல அந்த குரூப்ப மூடித் தொலைக்கா. எல்லாரையும் போகச் சொல்லு."

மூடுவதற்கு மனசு வரவில்லை. அது போனால் அவளிடம் பேச யார் இருக்கிறார்கள்? இருந்தாலும் பயம் பெரியதாக இருந்தது. ஆறரை மணிக்கு எழுத உட்கார்ந்தாள். கதை முடிந்தது, எல்லோரும் கிளம்புங்கள் என்று எழுதினாள். கடைசியில் "போங்க" என்று போட வேண்டும். விரல் நின்றது. வாசலில் நிற்பவர்களைப் போங்க என்று அவள் வாழ்நாளில் சொன்னதில்லை, அந்தச் சொல் எப்படிச் சுடும் என்று அவளுக்குத்தான் தெரியும். அழித்தாள். யோசிக்காமல் கை தானாகவே எழுதியது.

"போயிட்டு வாங்க."

அனுப்பியான பிறகுதான் படித்துப் பார்த்தாள்.

படியில் சரசரவென்று சத்தம். பிறகு அமைதி. கதவைத் திறந்தாள். ஒரு செருப்புகூட இல்லை. வீட்டில் வாடையும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள். உடனே அழுகை வந்தது.

கதவைச் சாத்தினாள். மணி ஏழு.

போன் அதிர்ந்தது. வரேன். வரேன். வரேன். போன் திரை நிற்காமல் ஓடியது. நாற்பதாயிரம் பேர். கடைசியில் படமில்லாத, பெயரில்லாத ஒரு ஆள்.

"நானும் வரேன்."

கீழே செருப்புச் சத்தம். ஒன்று. இன்னொன்று. மூன்றாவது படி. தரையில் செருப்புத் தோல் படும் மெல்லிய சத்தம், மேலே, மேலே. வாசல்வரை. அங்கே கழற்றும் சத்தம்.

நின்றது.

வெகுநேரம் காத்திருந்துவிட்டுக் கதவைத் திறந்தாள். படிக்கட்டில் கீழே இருட்டுவரை செருப்பு. ஜோடி ஜோடியாக. ஆள் இல்லை. வாசற்படியை ஒட்டி ஒரு ஜோடி ஆண் செருப்பு. ஈரம். சேறு. வாரில் பச்சை நூல்.

எத்தனை நாள் இதற்காக அழுதிருக்கிறாள்.

அந்த வாடை திரும்பியிருந்தது. வெளியிலிருந்து இல்லை. கழுத்தின் பின்பக்கம் சூடான மூச்சு. பல பேருடையது. கையில் போன் அதிர்ந்தது.

"கதவைச் சாத்துங்கக்கா. எல்லாரும் உள்ள வந்தாச்சு."

அவள் திரும்பவில்லை. பின்னால், ஜன்னலோரம், முக்காலி டக்கென்று ஒரு பக்கம் சாய்ந்தது.