பிணம் தட்டாது

யாவ்யாவின் அப்பா ஏழு மாடியும் ஏறி என் வாசலில் வந்து நின்றபோது பிற்பகல் மணி இரண்டு. சீனாவிலேயே வெயிலுக்குப் பேர்போன சோங்சிங் நகரத்தில், ஜூலை மாதம் அந்த நேரத்துக்கு நாய்கூட வெளியே தலைகாட்டாது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஒரு கையில் பை நிறைய பிளம்ஸ் பழம், இன்னொரு கையில் வறுத்த சூரியகாந்தி விதைப் பொட்டலம்.

"லிஃப்ட் கெடையாதாம்மா?"

"பழைய கட்டடம் மாமா. உள்ள வாங்க."

"அவளும் இந்தப் படியத்தான் ஏறுனாளா?"

"ஆமா மாமா. ஒவ்வொரு சனிக்கிழமையும்."

"நெஞ்சு சரியில்லாத பொண்ணு," என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

காலணியைக் கழற்றக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஷூ அடுக்கின் கடைசித் தட்டில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி இருந்தது. ஒன்றில் வெள்ளைக் கயிறு, மற்றதில் பச்சை. போன வருடம் யாவ்யாவை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது வெறுங்காலோடுதான் போனாள். திருப்பிக் கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. தூக்கி எறியவும் மனம் வரவில்லை. ஒரு வருடமாக அது அங்கேயேதான் கிடந்தது.

அவர் அந்தப் பச்சைக் கயிற்றை விரலால் ஒருமுறை தொட்டுவிட்டு உள்ளே வந்தார்.

என் பெயர் ரொவ்லான். சனிக்கிழமை தோறும் என் வீட்டில் கொலைகாரன் ஆட்டம் நடத்துவேன். ஆளுக்கொரு கதைப் புத்தகம் கொடுப்பேன். ஒருவர் மாளிகையின் கணக்குப்பிள்ளை, ஒருவர் சமையற்காரி, ஒருவர் தூரத்து உறவு என்று வேஷம் கட்டுவார்கள். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஒருவரையொருவர் குடைவார்கள். கடைசியில் கொலைகாரன் யாரென்று ஓட்டுப் போடுவார்கள். எல்லா இடத்திலும் இருக்கும் விதிதான் எங்களுக்கும்: கொலைகாரன் மட்டும் பொய் சொல்லலாம். மற்றவர்கள் மறைக்கலாம், பொய் சொல்லக் கூடாது.

மற்ற வீடுகளில் கதையில் வரும் பிணத்துக்கு ஒரு தலையணையைப் போட்டு மூடிவைப்பார்கள். எங்களுக்கு யாவ்யா இருந்தாள்.

"எனக்குப் பொய் வராதுடி. மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். நானே செத்துப் போறேனே!" என்பாள். மூலையில் கிடக்கும் மூங்கில் சாய்வுக் கட்டிலில் படுத்து, போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். உள்ளே சத்தமில்லாமல் சூரியகாந்தி விதை கடித்துக்கொண்டிருப்பாள். ஆட்டம் முடிந்ததும் நான் சின்ன வெண்கலத் தட்டை அடித்து, "உண்மை வெளியே வந்தது. செத்தவர் எழுந்து போகலாம்" என்பேன். அதுவரை எழக் கூடாது, பேசக் கூடாது. அது நான் போட்ட விதி. ஒன்றுக்கு வந்தால்கூட அடக்கிக்கொண்டு கிடப்பாள், பாவி. எழுந்ததும் போர்வையை நாலாக மடித்து, விதைத் தோலைக் காகிதத்தில் பொதிந்து மேலே வைப்பாள்.

போன வருடம் இதே நாள், ஆட்டம் சூடு பிடித்திருந்த நேரம். அன்று கொலைகாரன் வேஷம் கட்டியிருந்த நண்பன் குவோ பின், கண்ணீரோடு ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டுக்கொண்டிருந்தான். போர்வைக்குள்ளிருந்து மூங்கிலில் மூன்று தட்டு கேட்டது.

டொக். டொக். டொக்.

எனக்கு எரிச்சல். ஆட்டத்தின் நடுவில் யாராவது குறுக்கே வந்தால் எனக்குப் பொத்துக்கொண்டு வரும்.

"பிணம் தட்டாது! அஞ்சு மார்க் கட்!" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு அவள் தட்டவில்லை. நாங்கள் இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆடினோம்.

ஓட்டுப் போட்டு முடித்து, நான் தட்டை அடிக்கும் முன்பே எங்களோடு ஆடிய தோழி ஃபாங் சிங் கிச்சுகிச்சு மூட்டுவதற்காக அவள் பாதத்தைப் பிடித்தாள். பிடித்தவள் போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார், ஏதாவது சைகை காட்டினாளா என்று. "இல்லை" என்றேன். மற்ற இருவரும் தலைகுனிந்து நின்றார்கள். அதையேதான் அவள் அப்பாவிடமும் சொன்னோம்: தூக்கத்திலேயே போய்விட்டாள் மாமா, ஒரு சத்தமும் இல்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நான் இல்லையே!

போன வாரம் அவரே ஃபோன் செய்தார். "வருஷ நாள் வருது. எம்பொண்ணு கடைசியா என்ன செஞ்சுக்கிட்டிருந்தான்னு எனக்குத் தெரியாது. அதே ஆட்டத்த அதே மாதிரி ஆடிக் காட்டுங்க" என்றார்.

எப்படி மாட்டேன் என்பது?

குவோ பின்னும் ஃபாங் சிங்கும் வந்திருந்தார்கள். அதே புத்தகங்களை எடுத்து வைத்தேன். திரைச்சீலையை மூடினேன். மூலைக் கட்டிலில் தலையணை ஒன்றை வைத்து அந்தப் போர்வையைப் போர்த்தினேன்.

"அது எதுக்கு?" என்றார் அவர். தலையணையை எடுத்துக் கீழே வைத்துவிட்டுத் தானே படுத்துக்கொண்டார். "அவ கேட்டத நானும் கேக்கணும். போத்தி விடும்மா."

போர்த்திவிட்டேன்.

யாரும் நடிக்கவில்லை. புத்தகத்தில் இருந்ததை வாசித்தோம், அவ்வளவுதான். குவோ பின் அந்தப் பொய்யைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. போன வருடம் கண்ணீரோடு சொன்னவன், இன்று புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான்.

ஏசி திடீரென்று நின்றது.

வறுத்த விதையின் வாசனை அடித்தது. பொட்டலம் மேஜைமேல் பிரிக்கப்படாமல் இருந்தது.

டொக்.

டொக்.

டொக்.

"மாமா?" என்றான் குவோ பின். "மாமா, ஏதாச்சும் வேணுமா?"

போர்வை அசையவில்லை. ஃபாங் சிங் என் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் எடுத்துவைக்காத நான்கு அடியை இப்போது ஓடிப்போய் எடுத்துவைத்து, போர்வையை விலக்கினேன்.

அவர் இரண்டு கைகளையும் நெஞ்சின்மேல் கோத்து வைத்திருந்தார். கண் திறந்திருந்தது.

"நான் தட்டல," என்றார் மெதுவாக. "என் முதுகுக்குக் கீழருந்து வந்துச்சு."

எழுந்து உட்கார்ந்தார். எங்கள் மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கும் தட்டுனாளா?"

கொலைகாரன் மட்டும்தான் பொய் சொல்லலாம். ஒரு வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்த பொய் என் தொண்டைவரை வந்து நின்றது. இன்னொரு முறை 'இல்லை' என்றால் அவர் பழத்தைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார். நிம்மதியாகத் தூங்கவும் தூங்குவார்.

"தட்டுனா மாமா," என்றேன். "மூணு தடவ."

"நீ என்ன சொன்ன?"

"பிணம் தட்டாதுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"சிரிச்சோம்."

குவோ பின் விம்மிவிட்டான். அவர் எழுந்து என் எதிரில் வந்து நின்றார்.

"ஒன்ன அடிக்கணும்னு கை வருது."

"அடிங்க மாமா."

"அடிச்சா ஒனக்குத்தான் நிம்மதி," என்றார்.

காலியான மூங்கில் கட்டில் தானாக ஒருமுறை கிறீச்சிட்டது.

"இந்த ஆட்டத்த எப்படி முடிப்பீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். வெண்கலத் தட்டையும் காட்டினேன்.

"அன்னைக்கு அடிச்சியா?"

"இல்ல மாமா. அதுக்குள்ள..."

அவர் முகம் அப்போதுதான் உடைந்தது. "எம்பொண்ணு சொல்பேச்சு கேக்குறவ. பள்ளிக்கூடத்துல வெளிய நில்லுன்னு சொன்னா, மணி அடிச்சி எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் நிப்பா. நான் போய்க் கூட்டிட்டு வரணும். நீ சொல்லாம எப்படிம்மா எந்திரிப்பா? ஒரு வருஷமா கெடக்கிறாளே! முடிச்சு வைம்மா."

தட்டை அடித்தேன். "உண்மை வெளியே வந்தது. செத்தவர் எழுந்து போகலாம்" என்றேன். அதற்குமேல் வேஷம் போட முடியவில்லை. "யாவ்யா, என்ன மன்னிச்சிருடி. எந்திரிடி."

ஒன்றும் நடக்கவில்லை.

அவர் பழப் பையைக் காலி செய்து அவள் ஷூவை அதில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று, யாருமில்லாத அறையைப் பார்த்து, "வா கண்ணு, வீட்டுக்குப் போவோம்" என்றார். எங்கள் பக்கத்தில் செத்தவரை இப்படித்தான் கூட்டிப்போவார்கள். திருப்பம் வந்தால் திருப்பம் என்றும், பாலம் வந்தால் பாலம் என்றும் சொல்லிக்கொண்டே போக வேண்டும். இல்லாவிட்டால் வழி தவறிவிடும்.

"இங்க திருப்பம் யாவ்யா. பாத்து வா. அவசரமில்ல, மூச்சு வாங்கிட்டு வா."

எங்கள் மாடிப்படியில் வெளிச்சமே வராது. சத்தம் கேட்டால் எரியும் விளக்குகள்தான். அவர் பேசப் பேச ஒவ்வொரு மாடியாக விளக்கு எரிந்தது. அவர் கடந்துபோனதும் அணைந்தது.

பிறகு அவர் பின்னால், அணைந்த விளக்கு மறுபடி எரிந்தது.

அடுத்த மாடியிலும் அப்படியே. கீழ்வரை அப்படியே.

நாங்கள் மூவரும் கதவருகே நின்று அழுதுகொண்டிருந்தோம். உள்ளே திரும்பி வந்தபோது போர்வை நாலாக மடிக்கப்பட்டுக் கட்டிலின்மேல் இருந்தது. அதன்மேல் சின்னக் காகிதப் பொதி ஒன்று. பிரித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் இல்லை.

அவள் போய்விட்டாள் என்றுதான் அந்த வாரம் முழுக்க நினைத்தேன். வருத்தமாக இருந்தது, ஆனால் தூக்கம் வந்தது.

அடுத்த சனிக்கிழமை காலையிலிருந்து மழை. நான் ஆட்டம் எதுவும் வைக்கவில்லை. மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது.

"ரொவ்லான், நான்தாம்மா, யாவ்யா அப்பா," என்றார். குரலில் ஒரு தயக்கம். "ஒனக்குப் பைத்தியக்காரத்தனமாத் தோணலாம். இந்த வாரம் பூரா அவ இங்கதான் இருந்தா. அவ ரூம்ல விதை கடிக்கிற சத்தம் கேக்கும். நானும் ஒரு கிண்ணம் சோறு சேத்து வெச்சேன். இன்னைக்கு என்னமோ வீடே வெறிச்சுன்னு கெடக்குது. கதவோரம் வெச்சிருந்த அவ ஷூவையும் காணோம்..."

நான் வாசல் பக்கம் திரும்பினேன்.

அடுக்கின் கடைசித் தட்டில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ இருந்தது. பச்சைக் கயிற்றின் நுனியிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

என் முதுகுக்குப் பின்னால் மூங்கிலில் மூன்று தட்டு.

"கேக்குதுடி யாவ்யா, வந்துட்டேன்," என்றேன் முதலில் அவளிடம்.

பிறகு ஃபோனில் சொன்னேன்: "இங்கதான் மாமா வந்திருக்கா. இன்னைக்கு சனிக்கிழமை இல்லையா? மழை விட்டதும் அனுப்பி வைக்கிறேன்."