நாலாம் நம்பர் பேட்டரி

காலை 7.10.

"அத்தை! அப்பாவோட பேட்டரிய யாரோ எடுத்துட்டாங்க!"

அத்தை காவல்துறை இன்ஸ்பெக்டர். அண்ணன் இறந்த பதினோரு வாரத்தில் ஒருநாள்கூட அவள் விடுப்பு எடுக்கவில்லை. வேலை இருக்கும்வரை அழ வேண்டியதில்லை என்பது அவளுடைய கணக்கு. தள்ளிவைத்த படகுப் போட்டி இன்று என்பதால் விடியற்காலையில் வந்திருந்தாள்.

அண்ணனின் வேலை அறையில் ரேடியோவில் ஓடும் மாதிரிப் படகு ஒன்று, ஒரு முழ நீளம், மேசைமேல் இருந்தது. பக்கத்தில் பேட்டரிப் பெட்டி. உள்ளே நான்கு பேட்டரிகள். மூன்றின்மேல் காகித டேப் ஒட்டி, எண்ணையும் சார்ஜ் ஏற்றிய தேதியையும் அண்ணன் எழுதியிருந்தான். நான்காவதில் டேப் இல்லை. புத்தம் புதிது.

"அதான் ஒண்ணு இருக்கே?"

"இது வேற. அப்பா எட்டு மாசம் ஒவ்வொண்ணா ஓட்டிப் பார்த்தார். ஒண்ணு பறக்கும், மூணாவது சுத்துல படுத்துடும். இன்னொண்ணு கடைசி வரைக்கும் தாங்கும், ஆனா செம கனம், படகே தண்ணிக்குள்ள அமுங்கிடும். நாலாம் நம்பர்தான் ரெண்டுக்கும் சரின்னு எடுத்தார்." அண்ணன் பெண்ணின் குரல் உடைந்தது. "அது இல்லாம நான் போட்டிக்குப் போகல அத்தை."

பதினோரு வாரம் முன்பு, முதலில் குறித்த போட்டியன்று காலை ஷூ மாட்டக் குனிந்தவன் அண்ணன். நிமிரவில்லை.

இன்ஸ்பெக்டர் புதிய பேட்டரியைத் தூக்கினாள். அடியில் ஒரு சின்னத் துணிப்பை. உள்ளே நாணயம் போல் தட்டையான ஈய வில்லைகள், பதினொன்று. மேசைத் தராசில் பேட்டரி 268 கிராம் காட்டியது. பையையும் சேர்த்து வைத்தாள். 312.

"நாலாம் நம்பர் எவ்வளவு கனம்?"

பெண் யோசிக்கவே இல்லை. "முந்நூத்திப் பன்னெண்டு."

காலை 7.25.

படுக்கையறையில் அண்ணி தையல் மெஷினின்முன் உட்கார்ந்திருந்தார். திரைச்சீலைக் கடைக்குத் தைத்துக் கொடுப்பவர். நீளமான சீலையின் கீழ் மடிப்புக்குள் விரலால் எதையோ தள்ளிவிட்டு, அதன்மேல் தையல் ஓட்டினார். குளிரில் ஜன்னல் விரியத் திறந்திருந்தது. அப்படியும் அறையில் நகப்பூச்சு வாசனை.

"நேத்து யார் வந்தா அண்ணி?"

"அவரோட சிநேகிதர் வாத்துதான். படகப் பார்த்துட்டுப் போனார்."

"அந்த அறைச் சாவி?"

"ஆணியில. எல்லாருக்கும் தெரியும்." மெஷின் நிற்கவில்லை. அண்ணியின் நகங்களில் பூச்சு இல்லை. கூப்பிட வந்து நின்ற பெண்ணுக்கோ நகமே இல்லை, கடித்துத் தீர்த்திருந்தாள்.

காலை 7.50.

அண்ணனின் நண்பர் தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்ப்பவர். அவருடைய படகு ஆடி ஆடிப் போவதால் போட்டி நடக்கும் குளத்தில் எல்லோருக்கும் அவர் வாத்து. போட்டிக்காக வந்தவரை இன்ஸ்பெக்டர் வாசலிலேயே மறித்தாள்.

"ஏழு வருஷமா எங்க அண்ணன்கிட்ட தோத்துட்டு வர்றீங்க."

"ஏழா? எட்டும்மா. ஒண்ணக் குறைக்காதீங்க." சிரித்தார். சிரிப்பு நிலைக்கவில்லை. "இனிமே ஜெயிச்சு யார்கிட்ட பீத்திக்கிறது, சொல்லுங்க? எனக்கு எதுக்கு அவன் பேட்டரி?"

அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "இந்த பேட்டரி கெட்டுப்போனா வாசனை வருமா?"

"வரும். உப்பிடும். இனிப்பா, நகப்பூச்சு மாதிரி அடிக்கும்."

"எதனால கெடும்?"

"முழுசா சார்ஜ் ஏத்தி ஓட்டாம வெச்சிருந்தா. ரெண்டு நாள்ல ஓட்டலன்னா பாதிக்கு இறக்கிடணும். இல்லன்னா தீப்பிடிச்சாலும் பிடிக்கும். உங்க அண்ணன் தலையில குட்டிக் குட்டிச் சொல்லுவான்."

"போட்டிக்கு முதல் நாள் சாயங்காலம் நாலாம் நம்பருக்கு சார்ஜ் ஏத்தினான். அத யார் இறக்கினது?"

வாத்து நெற்றியில் அடித்துக்கொண்டார். "யாருக்கும்மா ஞாபகம் வந்துச்சு..."

காலை 8.15.

"எடுத்தது நீங்கதான் அண்ணி."

மெஷின் நின்றது.

"எடுத்தவங்களுக்குப் படகு தோக்கக் கூடாது. புது பேட்டரி லேசுன்னு தெரிஞ்சு, குறையிற எடையத் திரைச்சீலை நேரா தொங்க மடிப்புல வைக்கிற ஈயத்தால சரிக்கட்டியிருக்காங்க. அது உங்க வேலைன்னு உடனே தோணியிருக்கணும். ஜன்னல் திறந்தும் போகாத வாசனையத்தான் நான் கவனிக்காம விட்டேன். இந்த வீட்ல யாரும் நகப்பூச்சு வைக்கிறதில்ல."

அண்ணி எழுந்து அலமாரியைத் திறந்தார். அண்ணனின் சட்டை மடிப்புகளுக்கு நடுவில் நாலாம் நம்பர் தலையணை போல உப்பிக் கிடந்தது. டேப்பில் அந்தச் சாயங்காலத்தின் தேதி.

"அவர் வாங்கிப் போட்ட சோப்பு கரைஞ்சுடுச்சு. பற்பசை தீந்துடுச்சு. இதுக்குள்ள மட்டும் அவர் ஏத்தினது அப்படியே இருந்துச்சு." யாரையும் பார்க்காமல் பேசினார். "ஓட்டினா ஆறு நிமிஷம். அவ்ளோதான்."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்லம்மா?" என்றாள் பெண்.

"கேட்டா குடுத்துட்டு, போட்டிக்குப் போகாம உக்காந்திருப்ப. அடுத்து வாங்கணும்னு அப்பா நோட்டுல எழுதி வெச்சிருந்தத வாங்கினேன். நாப்பத்திநாலு கிராம் குறையும்னும் எழுதியிருந்தார்."

தன் கணக்கு எங்கே தப்பியது என்று இன்ஸ்பெக்டருக்கு அப்போது புரிந்தது. அவளும் ஒன்றை முழுதாக ஏற்றி, இறக்காமல் வைத்திருந்தாள். அண்ணியின் தோளில் முகத்தை வைத்தாள். பதினோரு வாரம் கழித்து அழுகை வந்தது.

"இத வெச்சுக்க முடியாது அண்ணி. வீடே எரிஞ்சுடும்."

"தூக்கிப் போடச் சொல்றியா?"

கதவருகே நின்ற வாத்து தொண்டையைச் செருமினார். "வேண்டாங்க. ஒரு பல்புல மாட்டி இறக்கிடலாம்."

காலை 8.40.

கொல்லைப்புறத்தில், வாளி மணலுக்குள் பேட்டரி. அதிலிருந்து நீளமான ஒயர் தள்ளி வந்து ஒரு கார் பல்பில் முடிந்தது. வெயிலில் அது எரிவதே தெரியவில்லை. அண்ணி கீழே உட்கார்ந்து இரண்டு கைகளாலும் அதற்கு நிழல் கட்டினார். உள்ளங்கைகள் மஞ்சளாயின.

யாரும் எழுந்து போகவில்லை. இரண்டு மணி நேரம். கை வலித்தபோது பெண் மாற்றிக்கொண்டாள், பிறகு இன்ஸ்பெக்டர், ஒருமுறை வாத்து.

10.35க்கு வெளிச்சம் சிவந்தது. ஒரு நூலாக மெலிந்தது. அப்புறம் கம்பி மட்டும் இருந்தது.

அண்ணி பல்பைக் கைக்குள் பொத்திக்கொண்டார்.

"சூடு இருக்கு" என்றார்.

அது ஆறும்வரை காத்திருந்தார்கள். பிறகு அவரே எழுந்து, பெண்ணின் தலையைக் கோதிவிட்டார்.

"படக எடு. பதினொண்ணரைக்குப் போட்டி."