மையவாடிக் கரி

வடிகுழாயிலிருந்து பன்னீர் வாசம் வந்தது.

வரக்கூடாது. மலேசியாவின் கெடா கடலோரத்தில் அந்தக் குப்பைமேட்டு நாற்றம், மேலே பறக்கிற விமானத்தின் பைலட்டையே மூக்கைப் பொத்த வைக்கும். காகங்கள்கூடக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இறங்கும். குப்பையிலிருந்து கசியும் கறுப்புச் சாறு ஒரு குளத்தில் தேங்கும். அதை ஆளுயரக் கண்ணாடித் தூணில் அடைத்த கரி வழியே விட்டுத் தெளியவைத்து ஆற்றுக்கு அனுப்புவது மஸ்தூராவின் வேலை. தெளியாமல் போனால், கழிமுகத்துக் கூண்டுகளில் அவள் கணவன் வளர்க்கும் கொடுவா மீன் ஒன்றுகூட மிஞ்சாது.

"சம்சூரி, இந்த வாட்டி என்னத்த எரிச்சுடா கரி போட்ட?"

"டுரியான் சீசன் முடிஞ்சிருச்சேக்கா, தோலுக்கு எங்க போறது? பெருநாளைக்குன்னு மையவாடிய சுத்தம் பண்ணி, கெம்போஜா மரமா வெட்டிப் போட்டிருந்தாங்க. அள்ளிட்டு வந்தேன்."

"கபுரு தலைமாட்டு மரத்தையா? செத்தவங்களையும் வேலைக்கு வெக்கிறியா நீ?"

"லீவு கேக்க மாட்டாங்கல்ல!" சிரித்தபடி மோட்டார்சைக்கிளை உதைத்தான். "மக்ரிபு தொழுகைக்கு நேரமாச்சு, வரேங்க்கா."

அவன் போனதும் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர, தூணின் உச்சியில் சாறு சொட்டச் சொட்ட, அடியில் பளிங்காக இறங்கிய தண்ணீரில் பன்னீரும் நறுக்கிய ரம்பை இலையும் ஈரமண்ணும் கலந்த வாசம், புதிதாக மூடிய கபுருக் குழிமேல் தலையிலிருந்து கால்வரை ஊற்றுகிற நீரின் அதே வாசம், மூக்கில் ஏறி நெஞ்சுக்குள் உட்கார்ந்தது.

தூணுக்குள் யாரோ முணுமுணுத்தார்கள். ஓதுகிற குரல்.

"மஸ்தூரா... ரொகாயா மகளே..."

தாயின் பெயரைச் சேர்த்துக் கூப்பிடுவது புதைத்த பிறகுதான். குழியருகே உட்கார்ந்து. உள்ளே இருப்பவருக்கு.

வால்வை மூடிவிட்டு ஓடலாம். ஆனால் குளம் விளிம்புவரை வந்துவிட்டது. மூடினால் வழியும். ஆறு. கூண்டுகள்.

"ரொகாயா மகளே..."

"நான் இன்னும் சாகல!" கத்தினாள். வால்வை முழுக்கத் திறந்தாள்.

மற்றக் கை கண்ணாடியில் ஊன்றியிருந்தது.

சில்லிட்டது. இழுத்தாள். வரவில்லை.

முதலில் நகத்து மருதாணி போயிற்று. பிறகு தோலின் மாநிறம். பிறகு உள்ளே ஓடிய சிவப்பு. கரி குடித்தது. எல்லாவற்றையும்.

தன் உள்ளங்கையின் ஊடாகவே இப்போது அவளால் தூணுக்குள் பார்க்க முடிந்தது. கரித்துண்டுகள் மெல்ல விலகின. ஆள் படுக்கும் அளவுக்கு.

கீழே, ஆற்றுக்கு, தண்ணீர் தெள்ளத்தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.